மோட்டார் போச்சு என்பவர்களுக்கு

ஓடாத பழைய பித்தளை ரயில் எஞ்சின் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஈப்போவில் நாலு பேரிடம் போனால் இரண்டு தீர்ப்புதான் கிடைக்கும். "மோட்டார் போச்சு, புதுசு போடணும்" என்பது ஒன்று. "தொடவே தொடாதீங்க, அப்படியே கண்ணாடி அலமாரியில வைங்க, அசலா இருந்தாத்தான் மதிப்பு" என்பது இன்னொன்று. முதல் தீர்ப்பைப் புந்தோங்கில் மிக்சியும் காற்றாடியும் பழுது பார்ப்பவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பாசார் காராட்டில் பழைய சாமான் பரப்பி உட்கார்ந்திருப்பவரும் சொன்னார். இரண்டாவதைச் சொல்கிறவர்கள் கொஞ்சம் விவரமானவர்கள், இணைய ஏலங்களில் விலை பார்த்து வைத்திருப்பவர்கள். பார்வைக்கு இவை எதிரெதிர்க் கட்சிகள். எனக்கு இரண்டும் ஒரே கட்சியாகத்தான் தெரிகின்றன. இரு தரப்பிலும் ஒருவர்கூட எஞ்சினைத் திருப்பிப் போட்டு அடியில் இருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டு எஞ்சின் பெரியப்பா வழியாக வந்தது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் அவர் துரைக்குக் காரோட்டியாக இருந்தார். எழுபதுகளில் துரை மூட்டை கட்டி ஊருக்குப் போனபோது நாயைத் தோட்டக்காரருக்கும் இந்த எஞ்சினைப் பெரியப்பாவுக்கும் கொடுத்துவிட்டுப் போனார். அட்டைப் பெட்டி, உள்ளே மஞ்சள் பஞ்சு, பஞ்சுக்குள் பித்தளையில் ஒரு நீராவி எஞ்சின், பக்கத்துக் குழியில் அதன் பின்னால் பூட்டும் டெண்டர். பெட்டியின் ஓரத்தில் 'கே.டி.எம்.' என்று போட்டிருந்தது. நம்ம ரயில்வேயான கெரெத்தாப்பி தானா மெலாயு துரைக்குக் கொடுத்த அன்பளிப்பு அது என்று பெரியப்பா சாகும்வரை நம்பினார். அது தோக்கியோவின் காட்ஸுமி மொக்கேதென் கம்பெனியின் முத்திரை. போருக்குப் பிறகு ஜப்பானியப் பட்டறைகள் அமெரிக்கச் சந்தைக்காக இந்த மாதிரி எஞ்சின்களைச் செய்து அனுப்பின. 87இல் ஒரு பங்கு அளவு, 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம், ஒவ்வொரு குழாயும் கைப்பிடியும் தனித்தனியாகச் செய்து ஈயம் வைத்து ஒட்டியது. நெல்மணி அளவுக்கு ஒரு மணிகூட அதில் தொங்குகிறது. பெரியப்பா அதைச் சாமிப் படங்களுக்குக் கீழே வைத்திருந்தார். ஓட்டிப் பார்த்ததே இல்லை. "துரை குடுத்தது" என்பதுதான் காரணம்.

அவர் போன பிறகு எஞ்சின் என்னிடம் வந்தது. பரிசோதனைகள் தொடங்கின.

மிக்சிக்காரர் அதை மேசையில் வைத்துத் தள்ளினார். சக்கரம் உருளவில்லை, இழுபட்டது. "இறுகிப்போச்சு" என்றார். பாசார் காராட் ஆள் ஒன்பது வோல்ட் பேட்டரியில் இரண்டு ஒயர் எடுத்து, வலப்பக்கச் சக்கரத்தில் ஒன்றும் இடப்பக்கச் சக்கரத்தில் ஒன்றுமாக வைத்தார். அசைவில்லை. "மோட்டார் போச்சு" என்றார். பிறகு கையில் தூக்கிப் பார்த்து, கிலோவுக்கு என்ன விலை தருவார் என்பதையும் சொன்னார். மூன்றாமவர் என் மைத்துனர். அவர் தொடவில்லை; மோந்து பார்த்தார். "கருகின வாடை அடிக்குது, மச்சான்."

மூன்றும் தப்பு. தப்பு எங்கே என்பது ஐந்து நிமிடத்தில் விளங்கக்கூடியது என்பதுதான் எனக்குக் கோபம். இந்த எஞ்சின்களில் மோட்டாரின் சுழற்சி ஒரு திருகுப் பல் வழியாகச் சக்கர அச்சுக்கு இறங்குகிறது. திருகு பல்சக்கரத்தைச் சுழற்றும். பல்சக்கரத்தால் திருகைத் திருப்பிச் சுழற்ற முடியாது. ஆகவே நல்ல நிலையில் இருக்கும் எஞ்சினும் கையால் தள்ளினால் உருளாது. உருளாமல் நிற்பது அதன் இயல்பு. அதை நோய் என்று எழுதிக் கொடுத்தார் மிக்சிக்காரர். பேட்டரிக்காரர் செய்தது அதைவிட வேடிக்கை. இந்த ஜப்பான் பித்தளை எஞ்சின்களில் எஞ்சினின் ஒரு பக்கச் சக்கரங்கள் மட்டும்தான் மின்சாரம் எடுக்கும். மறுபக்கச் சக்கரங்களுக்கும் அச்சுக்கும் நடுவே மின்கடத்தாத வளையம் இருக்கிறது. இன்னொரு தண்டவாளத்திலிருந்து எடுக்கும் வேலை டெண்டருடையது. டெண்டரையும் எஞ்சினையும் பூட்டும் அந்தச் சின்னப் பித்தளைக் கொக்கி வழியாகத்தான் சுற்று முழுமை அடைகிறது. டெண்டரைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு எஞ்சினுக்கு மட்டும் பேட்டரி வைத்தால், புத்தம் புதிதாகக் கடையிலிருந்து வந்ததும் அசையாது. சுவிட்சைப் போடாமல் விளக்கு ஃபியூஸ் என்று சொன்ன கதை.

கருகின வாடைக்கு வருகிறேன்.

அடியில் முன்னால் ஒரு ஸ்க்ரூ, பின்னால் ஒரு ஸ்க்ரூ. இரண்டையும் கழற்றினால் கொதிகலன் மொத்தமும் தொப்பி மாதிரி மேலே வந்துவிடும். உள்ளே மோட்டார் மூடியில்லாமல் இருந்தது: ஒரு காந்தம், நடுவில் செம்புக் கம்பி சுற்றிய உருளை, பின்னால் இரண்டு கரி பிரஷ். கம்பி எங்கும் கறுக்கவில்லை. வாடை வந்தது பல்சக்கரப் பெட்டியிலிருந்து. ஐம்பது வருடத்துக்கு முன் ஜப்பானில் யாரோ வைத்த கிரீஸ், பலாப்பால் காய்ந்து பிசினாகிற மாதிரி மஞ்சளும் பழுப்புமாகக் கெட்டித்துக் கிடந்தது. பழைய கிரீஸுக்கு அந்த மணம் உண்டு. தையல் மெஷின் உள்ள வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மோட்டாரின் இரண்டு பிரஷ்ஷிலும் நேராக 12 வோல்ட் கொடுத்தேன். ஒரு முனகல். விரலால் லேசாகத் தள்ளிவிட்டதும் உருளை சுற்ற ஆரம்பித்தது. சக்கரம் சுற்றவில்லை. ஏன் என்று பார்த்தால், மோட்டாரையும் பல்சக்கரப் பெட்டியையும் இணைக்கும் இடத்தில் ஒன்றுமே இல்லை. கறுப்பாகச் சில துண்டுகள் மட்டும் அடியில் கிடந்தன. அதில் ஒன்றை எடுத்து அம்மாவிடம் காட்டினேன். அம்மா பதினெட்டு வருடம் பால்மரம் சீவியவர். விரலில் வைத்து நசுக்கினார். அப்பளம் மாதிரி நொறுங்கியது. "கித்தா தானே? எண்ணெ பட்டு, சூடு பட்டு, காஞ்சு போச்சு. இதுக்கா இத்தனை பேர்கிட்ட கொண்டு போனே?" என்றார். அந்த எஞ்சினைப் பார்த்தவர்களில் சரியாக நோய் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அந்த இடத்தில் இருந்தது ஓர் அங்குலம்கூட இல்லாத ரப்பர் குழாய். மோட்டாரின் அதிர்வு பல்சக்கரத்துக்கு இறங்காமல் இருக்க இப்படி ஒரு குழாயைச் செருகுவது அந்தக் காலத்து வழக்கம். இயற்கை ரப்பருக்கு எண்ணெய் பகை. காற்றும் பகை. பிரஷ்ஷில் தெறிக்கும் பொறியிலிருந்து உண்டாகும் ஓசோன் இன்னும் பெரிய பகை. ரப்பரில் வெடிப்பு விழச் செய்வதில் அதற்கு நிகர் கிடையாது. 1877இல் கோலாகங்சாரில் ஹியூ லோ நட்ட கன்றுகளிலிருந்து பேராக்கின் ரப்பர் கதையைத் தொடங்குவார்கள். அந்தத் தலைமுறை மரம் ஒன்று அங்கே இன்னும் நிற்கிறது. அறுபதுகளில் உலகத்திலேயே அதிகமாக இயற்கை ரப்பர் விளைந்தது நம் நாட்டில். அந்தக் குழாய்க்குப் போன பால் எந்த நிரையில் யார் சீவியது என்று கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. மாற்றுக் குழாய் வேண்டும்.

மீன் தொட்டிக்குக் காற்று விடும் குழாயை வாங்கி வந்தேன். அது என் முட்டாள்தனம். உள்விட்டம் பெரிது, மோட்டார் சுற்றியது, குழாய் வழுக்கியது. பொம்மை விமானம் விடுகிறவர்கள் எரிபொருளுக்குப் பயன்படுத்தும் சிலிக்கோன் குழாய் இரண்டு மில்லிமீட்டர் உள்விட்டத்தில் கிடைக்கிறது. ஒரு முழம் சில வெள்ளிதான். அதில் கட்டைவிரல் நகம் நீளத்துக்கு வெட்டி இரண்டு அச்சிலும் செருகினேன். பிறகு கெட்டித்த கிரீஸைப் பல்குத்தும் குச்சியால் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு அச்சு முனைக்கும் ஒரு சொட்டு விட்டேன். (தேங்காய் எண்ணெய் விடச் சொன்ன அத்தைக்கு: கதவுக் கீலுக்கு அது போதும். இங்கே விட்டால் தூசியைச் சேர்த்துக்கொண்டு ஆறே மாதத்தில் மறுபடி பிசினாகும்.) பிரஷ் உரசும் தாமிர வளையத்தில் கறுப்பு அப்பியிருந்தது, துணியில் ஆல்கஹால் நனைத்துத் துடைத்தேன். அந்த வளையத்தின் துண்டுகளுக்கு இடையே உள்ள பிளவில் கரித்தூள் அடைத்திருந்தால் மின்சாரம் குறுக்கே பாய்ந்து மோட்டார் சூடாகும். அதையும் குச்சியால் கீறி எடுத்தேன். கொக்கியின் பச்சைக் களிம்பைத் துடைத்தேன். ஒரு மாலையும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும் ஆயின. செலவு, மீன் தொட்டிக் குழாயையும் சேர்த்து, ஒருவர் வாழையிலைச் சாப்பாட்டுக்கு ஆவதைவிடக் குறைவு.

புது மோட்டார் போடச் சொல்கிற கட்சிக்கு இனி என்ன பதில் மிச்சம்? அவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு: இந்தக் காலத்து மூடிய மோட்டார் பழையதைவிடக் குறைந்த மின்சாரத்தில், சத்தமில்லாமல், நிதானமாக ஓடும். உண்மை. நான் மறுப்பது அதை அவர்கள் சொல்கிற வரிசையை. என் எஞ்சினுக்குப் புது மோட்டாரை அந்தப் பழைய பிசினோடு பூட்டியிருந்தால், குழாய் இல்லாத இடத்தில் அதுவும் சும்மாதான் சுற்றியிருக்கும். அப்போது "பல்சக்கரம் போச்சு" என்பார்கள். அதையும் மாற்றினால் கொக்கியில் களிம்பு. ஒரு சின்னக் குழாய்க்கு முழு எஞ்சினையும் பலி கொடுக்கிற வைத்தியம் இது. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் வைக்காமல் சிறுநீரகத்தை மாற்றுவார்களா?

கண்ணாடி அலமாரிக் கட்சி இன்னும் பலமானது. அவர்களுடைய வாதத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பழைய பித்தளை எஞ்சின்களைக் கெடுத்தவர்களில் பாதிப் பேர் அவற்றைச் சரிசெய்யப் போனவர்கள்தான் என்கிறார்கள். தவறான ஈய வேலை, தேவையில்லாத சாயம், தொலைந்த ஸ்க்ரூ. பெட்டியோடு, தொழிற்சாலை மெருகோடு இருப்பதற்கு வாங்குகிறவர் கூடுதலாகத் தருகிறார். எல்லாம் சரி. ஆனால் இந்த வாதம் முழுவதும் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: தொடாமல் வைத்தால் பொருள் மாறாமல் இருக்கும். என் எஞ்சினை ஐம்பது வருடம் யாரும் தொடவில்லை. கிரீஸ் கல்லானது யார் தொட்டு? ரப்பர் நொறுங்கியது யார் தொட்டு? அந்த மஞ்சள் பஞ்சைப் பாருங்கள். தொட்டால் தூளாக உதிர்கிறது, சில இடங்களில் பாகு மாதிரி உருகி எஞ்சினின் மெருகில் ஒட்டியிருக்கிறது. இடப்பக்கம் கொதிகலன் ஓரமாகக் காசு அளவுக்கு ஒரு கறை. அது பஞ்சு தின்ற இடம். அசல் பெட்டி, அசல் பஞ்சு என்று யார் யார் பூஜை செய்கிறார்களோ, அவர்களுடைய அசல் பஞ்சு அவர்களுடைய அசல் மெருகை இந்த நிமிடம் தின்றுகொண்டிருக்கிறது. ஈப்போவின் வெக்கையும் மழைக்கால ஈரமும் அதற்கு நல்ல துணை. முதல் வேலையாக அந்தப் பஞ்சைத் தூக்கி எறியுங்கள். எஞ்சினை அமிலமில்லாத தாளில் சுற்றுங்கள். அதற்கே மனம் வராதவர்களோடு அசலைப் பற்றி நான் பேசத் தயாராக இல்லை.

'அசல்' என்ற சொல்லையே எஞ்சின் விஷயத்தில் யோசித்துப் பார்க்க வேண்டும். உண்மையான நீராவி எஞ்சின் எதுவும் பிறந்தபடியே வாழ்ந்ததில்லை. அதன் சக்கரத்தின் விளிம்பில் இரும்பு வளையம் ஒன்றைச் சூடாக்கி ஏற்றியிருப்பார்கள். தேயத் தேயக் கடைசல் பிடிப்பார்கள், மெலிந்ததும் கழற்றி வேறு போடுவார்கள். கொதிகலனைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை கழுவுவார்கள், குழாய்களை மாற்றுவார்கள். பெரிய பழுதுக்கு வரும்போது ஓர் எஞ்சினின் கொதிகலனைத் தூக்கி இன்னொன்றின் சட்டத்தில் உட்கார வைப்பார்கள். செந்தூல் பட்டறையில் தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் செய்த வேலை இதுதான். இன்று அந்த வேலை பத்து காஜாவுக்கு, நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் கம்பெனி 1938 முதல் கட்டி அனுப்பிய மூன்று சிலிண்டர் எஞ்சின்களை, பிற்பாடு 56ஆம் வகை என்று பெயர் பெற்றவற்றை, எண்ணெயில் எரியும்படி மாற்றினார்கள். அப்படி மாற்றியதால் அவை போலி ஆகிவிட்டனவா? கரி அள்ளிப் போட்டவரிடம் கேட்டிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்.

அந்த 56ஆம் வகையில் 'தெமர்லோ' என்று பெயர் வைத்த ஒன்று, டீசல் வந்து நீராவிக் காலம் முடிந்த பிறகும் சிறப்பு ரயில்களை இழுத்தது. கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியக வளாகத்தில் நிற்கும் நீராவி எஞ்சினோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறோம், பிள்ளையை மேலே ஏற்றி விடுகிறோம், வருகிறோம். தெமர்லோ ஓடியபோது அதற்கு எண்ணெய் விடத் தெரிந்தவர், நெருப்பு மூட்டத் தெரிந்தவர், கசிவின் சத்தத்தைக் கேட்டே எங்கே என்று சொல்லத் தெரிந்தவர் எல்லாரும் தேவைப்பட்டார்கள். நிற்கும் எஞ்சினுக்குச் சாயம் அடிப்பவர் போதும். தெலுக் இந்தான் பக்கம் ஜெண்டெராத்தா தோட்டத்தில் குறுகிய பாதை ரயில் வைத்து இன்றும் செம்பனைக் குலைகளை ஆலைக்குக் கொண்டுபோகிறார்கள். பாரம்பரியம் காக்கும் திட்டம் ஒன்றும் அங்கே இல்லை. நாளைக்குக் குலை ஆலைக்குப் போக வேண்டும், ஆகவே இன்றைக்குப் பெட்டியின் அச்சுக்குக் கிரீஸ் வைக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு உடனே ஸ்க்ரூடிரைவரைத் தேடுகிறவருக்கு இரண்டு எச்சரிக்கை. இங்கே மட்டும் அலமாரிக் கட்சியோடு நான் சேர்ந்துகொள்கிறேன். பழைய திறந்த மோட்டாரில் காந்தத்துக்கு நடுவிலிருந்து உருளையை உருவி எடுக்காதீர்கள். அந்தக் காலத்து அல்நிக்கோ காந்தம், நடுவில் இரும்பு இல்லாமல் விட்டால் வலுவிழக்கும். திரும்பப் பூட்டும்போது எஞ்சின் சோணங்கியாக, அதிக மின்சாரம் தின்றுகொண்டு ஓடும். எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஓர் இரும்புத் துண்டை அந்த இடத்தில் பாலமாக வைத்துவிட்டு எடுக்க வேண்டும். இன்னொன்று, பித்தளை என்றதும் நம் வீடுகளில் கை தானாகப் புளிக்குப் போகும். குத்துவிளக்குக்குச் செய்வதை இதற்குச் செய்துவிடாதீர்கள். மெருகு உரிந்து போகும். புளியின் அமிலம் ஈயம் வைத்த மூட்டுகளுக்குள் இறங்கி, பச்சையாகப் பூத்து வரும். எங்கள் வீட்டில் டெண்டரின் பின்பக்கம் ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் இந்தக் கதிக்கு ஆளானது. யார் செய்தார் என்பதை எழுதினால் எனக்குச் சோறு கிடைக்காது.

மைத்துனருக்கு இன்னொரு வாதமும் உண்டு; எல்லாம் தோற்ற பிறகு அதைத்தான் எடுப்பார். "இதெல்லாம் வெள்ளைக்காரன் வெளையாட்டு மச்சான், நமக்கெதுக்கு?" இந்த நாட்டின் முதல் ரயில் பாதை 1885 ஜூன் மாதம் இதே பேராக்கில், தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட்டுக்குத் திறந்தது. எட்டு மைல். அதைப் போட இலங்கையிலிருந்து கொண்டுவந்தார்கள் ஆட்களை. பிறகு வந்த பாதைகளில் தண்டவாளம் தூக்கியவர், கேட் மூடியவர், டிக்கெட் கிழித்தவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஸ்டேஷன் மாஸ்டராக உட்கார்ந்தவர் யார் யார் என்று ஈப்போவில் ஒருவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சயாம் மரண ரயிலுக்குத் தோட்டம் தோட்டமாக லாரியில் ஏற்றிக்கொண்டு போனது யாரை என்பதையும். கோலா செபெத்தாங்கில் போர்ட் வெல்ட் நிலையத்தின் பழைய பெயர்ப்பலகை இன்னும் நிற்கிறது. அதில் தமிழும் இருக்கிறது. வேலை செய்யும்போது நம்முடையதாக இருந்த ரயில், விளையாடும்போது மட்டும் எப்படி வெள்ளைக்காரனுடையது ஆகும்?

டெண்டரைப் பூட்டி, சாப்பாட்டு மேசையில் போட்ட வட்டப் பாதையில் வைத்து மின்சாரம் கொடுத்தபோது எஞ்சின் பின்னோக்கிப் போனது. மோட்டாருக்குப் போகும் இரண்டு ஒயரையும் மாற்றி ஒட்டியிருந்தேன். அம்மா சிரித்தார். மாற்றி ஒட்டினேன். மீட்டரில் முதல் சுற்றுகளில் முக்கால் ஆம்பியர் காட்டியது, அரை மணி நேரத்தில் அரைக்குக் கீழே இறங்கியது. ஓடும்போது அரைக்கிற சத்தம் கொஞ்சம் உண்டு. அந்தக் கால எஞ்சின்களுக்கு அது குரல்.

இதை வீடியோ எடுத்து உறவினர் குழுவில் போட்டேன். தைப்பிங்கிலிருந்து சித்தப்பா அன்று இரவே கூப்பிட்டார். அவரிடமும் இதே மாதிரி ஒன்று இருக்கிறதாம், வேலை செய்த இடத்தில் யாரோ கொடுத்தது, இருபது வருடமாக அலமாரியில். "உன்னுது பரவாயில்ல தம்பி. என்னுது ஒண்ணும் செய்ய முடியாது. ரெண்டு பேர்கிட்ட காட்டிட்டேன், மோட்டார் போச்சுன்னுட்டாங்க."

"காட்டும்போது டெண்டரைப் பூட்டியிருந்தீங்களா சித்தப்பா?"

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பின்னால் டிவி சத்தம் மட்டும் கேட்டது.

"டெண்டரா? அந்த கரி வண்டியா? அது எதுக்குன்னு பேரப்பிள்ளை வெளையாடக் குடுத்துட்டேனே. இரு, எங்க இருக்குன்னு கேட்டுச் சொல்றேன்."